பழைய ஏர் ரைபிளா, புதுசா, பிஸ்டலா, மதுரை கிளப்பா? ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

பீரோவின் மேல் துணி சுற்றிக் கிடக்கும் ஏர் ரைபிள்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. கல்லூரி நாளில் என்.சி.சி.யில் 0.22 ரைபிளைப் படுத்துச் சுட்டவர்கள், சந்தனக்கூட்டிலும் கோயில் திருவிழாவிலும் பலூன் சுட்டே கை பழகியவர்கள், வளைகுடாவிலிருந்து லீவில் வந்தபோது ஆசைக்கு ஒன்று வாங்கிய கீழக்கரைக்காரர்கள் எனப் பலரை எனக்குத் தெரியும். வாங்கிய புதிதில் தினமும் சாயங்காலம் சுடுவார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும். பிறகு ஒரு மழைக்காலம் வரும், உள்ளே எடுத்து வைப்பார்கள், அதோடு சரி.

இப்படி விட்டவர்களில் பலருக்கு மறுபடி தொடங்கும் எண்ணம் இருக்கிறது. யாரிடமாவது கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். அழுத்தக் காற்றில் சுடும் புது பி.சி.பி. ரைபிள் வாங்கு, பிஸ்டலுக்கு மாறு, மதுரையில் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர், லைசென்ஸ் எடு, வில்வித்தை பழகு. எல்லாவற்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இவற்றில் பாதி யோசனைகள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருப்பவர்களுக்குப் பொருந்துபவை. உப்புக் காற்றும் வெக்கையும் புழுக்கமும் உள்ள நம் கரையில் எது நிலைக்கும் என்று பார்ப்பதுதான் இங்கே வேலை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்வம் வடிந்ததற்குத் துப்பாக்கி காரணமாக இருப்பது அபூர்வம். மதிப்பெண் வட்டங்கள் அச்சிட்ட குறி அட்டை இல்லாததும், கூடச் சுட ஆள் இல்லாததும்தான் பெரும்பாலும் காரணம். சிரட்டையையும் காலி டின்னையும் சுட்டால் பட்டது, படவில்லை என்ற இரண்டுதான் தெரியும். அது சீக்கிரம் சலித்துவிடும். அட்டையில் சுட்டால் போன வாரத்து ஏழு இந்த வாரம் எட்டானது கண்ணுக்குத் தெரியும். "எல்லாம் ஏன் இடப்பக்கம் கீழேயே போகுது?" என்று கேட்க இன்னொருவர் இருந்தால் அடுத்த வாரமும் சுடத் தோன்றும். ஆகவே ஒவ்வொரு வழியைப் பற்றியும் நான் முதலில் கேட்பது, அது அட்டையையும் ஆளையும் தருமா என்பதுதான். காசும் வசதியும் அதற்கு அப்புறம்.

வீட்டில் இருக்கும் ஸ்பிரிங் ரைபிள்

முதலில் துணியைப் பிரித்துப் பாருங்கள். நம் ஊர்க் காற்றில் இரும்பு சும்மா இருக்காது. கடைசியாகத் தொட்ட கை எங்கெங்கே பட்டதோ அங்கெல்லாம் பேரலில் செம்புள்ளிகள் பூத்திருக்கும். சில சமயம் விரல் அடையாளம் அப்படியே துருவாகப் பதிந்திருக்கும். பாதுகாப்பு என்று நினைத்துச் சுற்றிய துணியும் ஃபோம் வைத்த பையும்தான் ஈரத்தைப் பிடித்து வைத்து இதைச் செய்கின்றன. உப்புத்தாளைத் தொடாதீர்கள், மேல்பூச்சு போய்விடும். மிக மெல்லிய ஸ்டீல் உல்லில் தையல் மெஷின் எண்ணெய் விட்டு மெதுவாகத் தேய்த்தால் புள்ளிகள் கிளம்பிவிடும். பேரலின் உள்ளே சுத்தம் செய்யத் தனிக் கம்பி தேவையில்லை. தங்கூசி நரம்பில் சின்னத் துணித்துண்டைக் கட்டி, பெல்லட் (ஈயக் குண்டு) போடும் பக்கத்திலிருந்து வாய்ப்பக்கம் இழுத்தெடுத்தால் போதும். துணி சுத்தமாக வரும்வரை மாற்றி மாற்றி இழுங்கள்.

தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். வெளியே பூசினால் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். உள்ளே, பிஸ்டன் ஓடும் அறைக்குள் போய்விட்டால் அதைவிட மோசம். ஸ்பிரிங் ரைபிளில் பிஸ்டன் காற்றை ஒரே அடியாக அழுத்தும்போது உண்டாகும் சூட்டில் அங்கே தேங்கிய எண்ணெய் பற்றிக்கொள்ளும். பெரிய சத்தமும் புகையும் வரும், வாஷர் கெடும், பெல்லட் தாறுமாறாகப் போகும். எந்த எண்ணெயானாலும் அந்த அறைக்குள் விடக் கூடாது.

பழைய பெல்லட் டப்பாவையும் திறந்து பாருங்கள். ஈயத்தின் மேல் வெள்ளை மாவு பூத்திருந்தால் அந்தப் பெல்லட்டுகளை ஒதுக்கிவிடுங்கள். அந்த மாவு ஈயத்தின் ஆக்ஸைடும் கார்பனேட்டும். வாயால் ஊதவோ, பிள்ளைகள் கையில் கொடுக்கவோ கூடாது. பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு சுடும் பழக்கம் சிலருக்கு உண்டு, அதையும் விட்டுவிட வேண்டும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீயைத் தொட வேண்டும்.

அடுத்து திருகாணிகள். ஒவ்வொரு அடியிலும் ஸ்பிரிங் ரைபிள் அதிர்வதால் கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் தாமாகவே தளரும். "முன்ன மாதிரி படமாட்டேங்குது, கண்ணு போச்சு போல" என்று நொந்து துப்பாக்கியை மூலையில் வைத்தவர்களில் பாதிப் பேருக்குக் கண்ணில் கோளாறே இருந்திருக்காது. ஸ்க்ரூவை இறுக்கிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். இறுக்கியும் பெல்லட் பத்து மீட்டரிலேயே தாழப் போனால் ஸ்பிரிங்கோ வாஷரோ ஓய்ந்திருக்கலாம். விற்ற கடையிலேயே மாற்றித் தருவார்கள், புது ரைபிளோடு ஒப்பிட்டால் செலவு சொற்பம். பெல்லட் போடாமல் வெறுமனே டிரிகரை இழுத்துப் பார்க்காதீர்கள். எதிரே அழுத்தம் இல்லாமல் பிஸ்டன் போய் முட்டி வாஷர் நசுங்கும்.

என்.சி.சி.யில் பழகியவர்களுக்கு ஒரு விசேஷத் தொல்லை இருக்கிறது. அங்கே ரைபிளை இறுக்கிப் பிடித்துத் தோளில் அழுத்தக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். ஸ்பிரிங் ரைபிளுக்கு அது ஒத்துவராது. டிரிகர் இழுபட்டதும் உள்ளே கனமான பிஸ்டன் ஓடத் தொடங்கும், துப்பாக்கி முன்னும் பின்னும் உதறும், அந்த உதறலுக்கு நடுவில்தான் பெல்லட் வெளியேறும். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் உதறல் வேறு திசையில் போகும். இடது கையை விரித்து உள்ளங்கையில் கட்டையை இருத்தி, வலது கையால் மெதுவாகப் பிடித்து, தோளில் பட்டும் படாமலும் வைத்துச் சுடுங்கள். எல்லா அடிக்கும் அதே பிடி இருக்க வேண்டும். சிதறிக் கிடந்த ஓட்டைகள் ஓரிடத்தில் கூடத் தொடங்கும்போது, விட்டுப்போன ஆசை பாதி திரும்பிவிடும்.

இடத்துக்குப் பத்து மீட்டர் போதும். பல வீடுகளில் வாசல் அறையிலிருந்து பின்கட்டு வரை கதவைத் திறந்தால் அவ்வளவு தூரம் கிடைக்கும். தோப்பில் சுடலாமே என்றால், காற்றை யோசிக்க வேண்டும். மன்னார் வளைகுடாப் பக்கம் வைகாசி பிறந்தால் கச்சான் விடாது. பாக் நீரிணைப் பக்கம் ஐப்பசிக்கு மேல் வாடை. பத்து மீட்டருக்குள் காற்று பெல்லட்டைப் பெரிதாகத் தள்ளாவிட்டாலும் நிற்கும் ஆளையும் நீட்டிய ரைபிளையும் ஆட்டிவிடும். வீட்டுக்குள் என்றால் வருடம் முழுக்கச் சுடலாம். அட்டையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும், போட்டி விதியும் அதுதான். அட்டை மேல் மட்டும் விழும்படி ஒரு எல்.இ.டி. விளக்கு போட்டால் முன் சைட் (பேரல் நுனியில் குறி பார்க்கும் முனை) கூர்மையாகத் தெரியும். அட்டைக்குப் பின்னால் பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டி கட்டாயம். கனமான இரும்புத் தகட்டைக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்து, அடியில் மணல் கொட்டிய பெட்டி என்றால் தெறிக்காது. வெறும் சிமென்ட் சுவரை நம்பிச் சுடக் கூடாது. ஈயம் திரும்பி வரும். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் சுட வேண்டும். சுடும் நேரத்தில் அட்டைப் பக்கத்துக் கதவுக்கு உள்தாழ்.

அட்டை விஷயத்தில் ஒரு யோசனை. பத்து மீட்டர் ரைபிள் போட்டி அட்டையில் பத்து என்பது 0.5 மில்லிமீட்டர் புள்ளி. பெல்லட் 4.5 மில்லிமீட்டர் என்பதால் அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்துதான், ஆனாலும் சாதாரண சைட் உள்ள ஸ்பிரிங் ரைபிளுக்கு அது மனத்தை ஒடிக்கும் அட்டை. ஏர் பிஸ்டல் அட்டையை வாங்குங்கள். அதில் பத்தின் வட்டம் 11.5 மில்லிமீட்டர். நன்றாகச் சுட்டால் ஒன்பதும் பத்தும் விழும், கவனம் தப்பினால் ஏழுக்கு இறங்கும். முன்னேற்றத்தைக் காட்ட அது சரியான அளவு. அட்டையில் தேதி எழுதி அடுக்கி வையுங்கள்.

ஏர்வாடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, சந்தனக்கூட்டுல பலூன் கடைக்காரரு என்னயக் கண்டாலே துப்பாக்கியத் தரமாட்டேங்குறாரு. வீட்டுல அட்டையில சுட்டா ஆறு, ஏழுதான் விழுது. ஏண்ணே?" பலூன் ஒரு சாண் அகலம், நாலைந்து மீட்டர் தூரம், பத்து மீட்டர் அட்டையில் கறுப்பு வட்டமே 6 சென்டிமீட்டருக்குள்தான் என்று சொன்னேன். ஆனால் அந்தத் தம்பியிடம் ஒரு பலம் இருக்கிறது. பலூன் கடைத் துப்பாக்கிகளில் சைட் கோணியிருக்கும். முதல் அடி எங்கே போனது என்று பார்த்து, அடுத்த அடியை அதற்கேற்ப மாற்ற அவருக்குத் தானாகவே வரும். இப்போது அவரும் உச்சிப்புளிக்காரர் ஒருவரும் ஒரே கிழமையில் அவரவர் வீட்டில் சுட்டு, அட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் மாற்றிக்கொள்கிறார்கள். அட்டையும் கிடைத்தது, ஆளும் கிடைத்தது. இரண்டு பேருக்கும் செலவு பெல்லட் மட்டும்தான்.

இதோடு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஏர் ரைபிள் கையில் இருந்தால் மரத்தில் உட்கார்ந்த புறா மேல் பார்வை போகும். போகவே கூடாது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை என்று பறவைகளுக்காகவே சரணாலயங்கள் உள்ள மாவட்டம் நம்முடையது. தனுஷ்கோடிக்குப் பூநாரைகள் வருகின்றன. 1972 ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பறவை வேட்டை குற்றம். சட்டம் இருக்கட்டும், பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து நம் கரையில் இளைப்பாற இறங்கிய உயிரின் மேல் பழகிப் பார்ப்பது விளையாட்டில் சேராது. திறந்த கடற்கரையிலும் சுடாதீர்கள். பெல்லட் சில நூறு மீட்டர் போகும். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை என்று கண்காணிப்பு மிகுந்த கரை இது. மணலில் துப்பாக்கியோடு நின்றால் யாராக இருந்தாலும் விசாரிப்பார்கள், விசாரிக்கத்தான் வேண்டும்.

புது பி.சி.பி. ரைபிள்

பி.சி.பி. என்றால் சிலிண்டரில் முன்கூட்டியே அடைத்த அழுத்தக் காற்றில் சுடுவது. பிஸ்டன் இல்லை, உதறல் இல்லை. எங்கே பார்த்தோமோ அங்கே போகும். ஸ்பிரிங்கில் பழகியவர் முதல்முறை சுடும்போது அசந்துபோவார். ஒலிம்பிக்கில் பார்க்கும் எல்லா ஏர் ரைபிளும் இந்த வகைதான். இந்தியத் தயாரிப்புகள் வந்துவிட்டன. ஃபைன்வெர்க்பாவ், வால்தர் போன்ற ஜெர்மன் போட்டி ரைபிள்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டும்.

நம் கரையில் இதற்கு மூன்று சிக்கல்கள். முதலாவது காற்று அடைப்பது. சிலிண்டர் ஏறத்தாழ 200 பார் அழுத்தம் கேட்கும். கைப்பம்பில் அடிக்கலாம், ஆனால் நம் ஊர் ஈரக் காற்றை அவ்வளவு அழுத்தினால் ஈரம் தண்ணீராகித் துப்பாக்கிக்குள் இறங்கும். ஈரம் உறிஞ்சும் ஃபில்டர் உள்ள பம்பாக வாங்கி, நடுநடுவே நிறுத்தித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். முத்துக்குளித்த இந்தக் கடற்கரையில் இன்று ஸ்கூபா டைவிங் செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சிலிண்டரில் அடைப்பது வடிகட்டிய உலர்ந்த காற்று. அறிமுகம் இருந்தால் அதுவே மேலான வழி. வெல்டிங் பட்டறை ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து மட்டும் ஒருபோதும் நிரப்பாதீர்கள். உள்ளே துளி எண்ணெய் இருந்தாலும் வெடிக்கும், உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது, உடை. போட்டி ரைபிள் சுடுபவர்கள் தடித்த கான்வாஸிலும் தோலிலும் தைத்த கோட்டும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முதுகையும் இடுப்பையும் தாங்கி அசைவைக் குறைக்க அது உதவுகிறது. சித்திரை வெயிலில் ராமநாதபுரத்தில் ஏ.சி. இல்லாத அறையில் அதைப் போட்டுக்கொண்டு அறுபது முறை சுடுவதை நினைத்துப் பாருங்கள். உடை இல்லாமல் சுடலாம். ஆனால் 5 கிலோவை ஒட்டிய ரைபிளை வெறும் உடம்பில் தாங்குவது முதுகுக்குக் கெடுதல்.

மூன்றாவதுதான் முக்கியம். புதுப் பொருளின் மகிழ்ச்சி சில மாதம் இருக்கும், அது கரைந்தபின் பழைய தனிமைதான் மிஞ்சும். அட்டை போட்டு, இன்னொருவரோடு ஒரு பருவம் முழுக்க ஸ்பிரிங் ரைபிளில் சுட்டு, இனி இந்தத் துப்பாக்கிதான் என்னைத் தடுக்கிறது என்று அட்டைகளே காட்டும்போது வாங்குங்கள். பழைய போட்டி ரைபிள் வாங்குவதானால் சிலிண்டரில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் பத்து வருடம்தான் ஆயுள் கொடுக்கிறார்கள்.

எதை வாங்கினாலும் சட்ட அளவைக் கவனியுங்கள். 2016 ஆம் வருடத்து ஆயுத விதிகளின்படி, குழல் 4.5 மில்லிமீட்டருக்குள்ளும் விசை 20 ஜூலுக்குள்ளும் இருக்கும் ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். வயதுக்கும் முகவரிக்கும் சான்று கொடுத்தால் கடையில் வாங்கலாம். 5.5 மில்லிமீட்டர் என்றால் லைசென்ஸ் வேண்டும். பில்லின் நகல் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

பிஸ்டலுக்கு மாறுவது

இத்தனை வழிகளில் நம் ஊர் வெக்கைக்கு மிகவும் ஒத்துவருவது இதுதான் என்பேன். ஏர் பிஸ்டலுக்குக் கோட்டும் வேண்டாம், விசேஷக் கால்சட்டையும் வேண்டாம். பனியனோடு நின்று சுடலாம். போட்டி விதிப்படி துப்பாக்கி 1.5 கிலோவுக்குள், டிரிகர் குறைந்தது 500 கிராம் இழுவை, ஒரு கைதான் பிடிக்க வேண்டும். கேட்க எளிது. நீட்டிய கை ஆடத்தான் செய்யும். அந்த ஆட்டத்தை ஒப்புக்கொண்டு, அதற்கு நடுவில் டிரிகரைக் கலைக்காமல் அழுத்தக் கற்பதுதான் பிஸ்டல். ரைபிளில் எல்லாம் தெரியும் என்று சலித்துப்போனவரை இது மறுபடி மாணவனாக்கிவிடும். சலிப்புக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

பயிற்சியில் பெரும்பகுதிக்குப் பெல்லட்டே வேண்டாம். போட்டி பிஸ்டல்களில் வெறும் டிரிகர் பழக ஏற்பாடு இருக்கிறது. வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, முன் சைட் அசையாமல் டிரிகரை விடுவிக்கும் பழக்கத்தை ராத்திரி சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் செய்யலாம். சத்தம் இல்லை, செலவு இல்லை, மின்சாரம் போனாலும் நிற்காது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் தனியாகவும், சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்தும் இரண்டு வெண்கலம் வாங்கினார். அதன் பிறகு பிள்ளைகளும் இதை ஆவலாகக் கேட்கிறார்கள். அப்பாவும் மகளும் சேர்ந்து பழகும் வீட்டில் ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

குறை விலைதான். நம்பத் தகுந்த போட்டி பிஸ்டலுக்கு லட்சத்துக்கு மேல் ஆகும். சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் ஸ்பிரிங் பிஸ்டல்களில் டிரிகர் கடினமாக இருப்பதால் நல்ல பழக்கம் வராது. கார்பன் டை ஆக்ஸைடு குப்பியில் ஓடும் மலிவு பிஸ்டல்களும் நம் ஊருக்குச் சுகப்படாது. அந்த வாயுவின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறும். 20 டிகிரியில் 57 பார் அளவில் இருப்பது 30 டிகிரியில் 70ஐத் தாண்டிவிடும். காலையில் சைட் சரிசெய்தால் மத்தியானம் வேறிடத்தில் படும். ஆகவே காசு சேரும்வரை பொறுத்திருங்கள், அல்லது கிளப் பிஸ்டலில் பழகுங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. முன் சைட் மங்கலாகத் தெரியத் தொடங்கினால் வெள்ளெழுத்து என்று துப்பாக்கியை வைத்துவிட வேண்டாம். உங்கள் தூரப் பார்வைக் கண்ணாடியோடு அரை அல்லது முக்கால் டயாப்டர் கூட்டி, சுடுவதற்கென்று தனிக் கண்ணாடி எழுதித் தரச் சொல்லுங்கள். முன் சைட் பளிச்சென்று தெரியும், அட்டை லேசாக மங்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

மதுரைக்குப் போவது

ராமநாதபுரத்திலிருந்து மதுரை 110 கிலோமீட்டர் சுமார். ராமேஸ்வரத்திலிருந்து இன்னும் ஐம்பது சொச்சம் கூடும். பரமக்குடி, மானாமதுரை வழியாகப் பஸ்ஸும் ரயிலும் இருக்கின்றன. போக வர ஒரு நாள் போய்விடும். மாதம் ஒருமுறைக்கு மேல் தாங்காது. வாரம் தவறாமல் போகிறேன் என்று கிளம்பியவர்கள் சீக்கிரமே நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன், அது அவர்களுடைய குற்றமும் இல்லை.

ஆனால் அந்த ஒரு நாளில் கிடைப்பது வீட்டில் கிடைக்காது. பயிற்சியாளர் பக்கத்தில் நின்று, "தோளைப் பாருங்க சார், மூச்சைப் பாதியில பிடிக்கிறீங்க" என்று சொல்லும் ஒரு வாக்கியம் பல மாதத் தடுமாற்றத்தைத் தீர்க்கும். விதவிதமான துப்பாக்கிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு வாங்கலாம். அங்கே உறுப்பினரானால் மாநிலச் சங்கம் வழியாகப் போட்டிகளில் பெயர் கொடுக்கும் வாசலும் திறக்கும். பள்ளிப் பிள்ளைகள் முதல் தலை நரைத்தவர்கள் வரை ஒரே வரிசையில் நின்று சுடும் விளையாட்டு இது. காலில் குறை உள்ளவர்கள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே சுடலாம். அவனி லேகரா டோக்கியோவிலும் பாரிஸிலும் பாராலிம்பிக் தங்கம் வென்றது அப்படித்தான்.

கிளப்புக்குப் போகும்போது தொலைக்காட்சியில் பார்த்த ஸ்கோரை மனத்தில் சுமந்துபோக வேண்டாம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பாரிஸில் அறுபது முறை சுட்டு 630.7 எடுத்தார். ஒரு முறைக்குச் சராசரி 10.5. அங்கே பத்துக்குள்ளும் நடுவுக்கு எவ்வளவு நெருக்கம் என்று தசமத்தில் எண்ணுவார்கள். அப்படியும் பத்தாவது இடம்தான், இறுதிச்சுற்றுக்குப் போக முடிந்தது எட்டுப் பேரால். அந்த உயரத்தில் நிற்பவர்கள் நாள் முழுக்க இதையே செய்பவர்கள். நாம் போன மாதத்து நம் அட்டையோடு போட்டி போட்டால் போதும்.

லைசென்ஸும் வில்லும்

0.22 ரைபிளில் மறுபடி ஐம்பது மீட்டர் சுட வேண்டும் என்பது என்.சி.சி.க்காரர்களின் கனவு. எனக்கும் புரிகிறது, அந்த வெடிமருந்து வாசனை மறக்காது. ஆனால் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பம், காவல்துறை விசாரணை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல், தோட்டாவுக்குக் கணக்கு, தேர்தல் வந்தால் ஒப்படைக்கும்படி வரும் உத்தரவு என்று ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டும். வாங்கிய பிறகும் வீட்டில் சுட முடியாது. அனுமதி பெற்ற ரேஞ்சுக்குத்தான் போக வேண்டும். ஆர்வம் கொழுந்துவிட்டு எரிபவருக்கு இது அடுத்த படி. அணைந்ததை ஏற்ற நினைப்பவருக்கு இதில் தொடங்குவது சரிப்படாது.

வில்வித்தையை நான் மதிக்கிறேன். சேதுச் சீமையிலும் சிவகங்கையிலும் வளரி எறிந்து குறி பழகிய மண் இது. உடம்பே விசையாகும் கலைக்கு இங்கே வேர் இருக்கிறது. வில்லுக்கு லைசென்ஸ் வேண்டாம், துருப்பிடிக்கும் பேரல் இல்லை, பிள்ளைகளுக்குத் தோளும் முதுகும் உறுதிப்படும். மூங்கில் வில்லில் தொடங்கினால் செலவும் குறைவு. ஆனால் முப்பது மீட்டர் மைதானமும், தப்பும் அம்பு விழ அதற்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத வெளியும் வேண்டும். கச்சான் மாதங்களில் அம்பு காற்றோடு போகும், விடியற்காலையில் மட்டுமே பழக முடியும். பள்ளி வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு நல்ல தேர்வு. டிரிகரின் அந்த நுணுக்கத்தில் மனம் போனவர்களுக்கு வில் ஈடாகாது, சில மாதத்தில் மறுபடி பீரோவின் மேலேதான் பார்ப்பார்கள்.

யாருக்கு எது

வீட்டில் ஏற்கெனவே ரைபிள் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். துருவை எடுத்து, ஸ்க்ரூவை இறுக்கி, பெட்டியும் விளக்கும் வைத்து, பிஸ்டல் அட்டையில் சுடத் தொடங்குங்கள். கூடவே அட்டை மாற்றிக்கொள்ள ஒருவரைப் பிடியுங்கள். அவர் மண்டபத்தில் இருந்தாலும் சாயல்குடியில் இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு பேரும் சேர்ந்து மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதுரைக்குப் போய்வாருங்கள். தனியாகப் போவதைவிட இரண்டு பேராகப் போகும் பயணம் தவறாமல் நடக்கும்.

துப்பாக்கியே இல்லை, கையில் ஓரளவு பணம் இருக்கிறது என்பவர் மதுரையில் இரண்டு மூன்று முறை பிஸ்டல் சுட்டுப் பார்த்துவிட்டு, பிடித்தால் நேராக நல்ல பிஸ்டலையே வாங்கலாம். முதுகுவலி உள்ளவருக்கும் வெக்கை தாங்காதவருக்கும் அதுவே வழி. ரைபிள்தான் வேண்டும், ஆனால் செலவு கட்டுப்படாது என்றால் பத்து, பதினைந்தாயிரத்தில் இந்திய ஸ்பிரிங் ரைபிளே தாராளம். இரண்டு லட்சம் போட்டு பி.சி.பி. வாங்க நினைப்பவர் முதலில் ஏ.சி. அறையும் உலர்ந்த காற்றுக்கு வழியும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுடும் நேரம் எதுவானாலும் ஒரே கிழமை, ஒரே வேளை என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன்பிடித் தொழிலில் இருப்பவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் தொடங்க ஏற்ற சமயம். பெட்டி செய்யவும், பழைய ரைபிளைத் துணி பிரித்துச் சுத்தம் செய்யவும், கை பழகவும் அந்த 61 நாள் தாராளமாகப் போதும். விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போன பிறகு, கரையில் இருக்கும் நாளில் இருபது முறை சுட்டு அட்டையை அனுப்பினால் போதும்.